எட்டாவது பேரிங்

அன்பும் மதிப்பும் உள்ள அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பியின் மனைவியாக இன்னும் சில தாள்களில் மட்டும் மிச்சமிருக்கிற நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் மருமகள் சுண்டுவும், அவளுடைய ஸ்கேட்போர்டும் நலம். மூவரில் முழு நலம் ஸ்கேட்போர்டுக்குத்தான். மற்ற இருவருக்கும் முட்டியில் சிராய்ப்பு. அங்கே நீங்களும் சுண்டுவின் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும். இதை நான் முறைக்காக எழுதவில்லை. முறைக்காக என்றால் உங்களோடு நிறுத்தியிருப்பேன்.

உங்கள் கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். சுண்டுவுக்கென்று மாடி அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலோரம் மேசை போட்டு, அவள் உயரத்துக்குக் கண்ணாடி மாட்டியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். நான்கு தடவை பதில் எழுத உட்கார்ந்தேன். நான்கு தடவையும் "மிக்க நன்றி" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பொய் சொல்லக் கூசி இல்லை, நிஜமாகவே நன்றியாக இருந்தது, அதுதான் தாங்கவில்லை. நாளை பத்து மணிக்கு அவளை அழைத்துப் போக நீங்கள் வரும்போது என்னால் நேரில் நாலு வார்த்தை ஒழுங்காகப் பேச முடியாது. தண்ணீர் வேண்டுமா, வெயில் அதிகமா என்று கேட்டுவிட்டு சமையலறைக்குள் போய்விடுவேன். அதனால்தான் அவள் தூங்கின பிறகு இதை எழுதி ஸ்கேட்போர்டுப் பெட்டிக்குள் வைக்கிறேன். வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்த பிறகு படியுங்கள்.

முதலில் மூன்று விஷயங்களை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, எனக்கு யார் மீதும் வருத்தம் இல்லை. இரண்டு, இந்தப் பள்ளி ஆண்டு முழுக்க அவள் அப்பாவிடம், அடுத்த ஆண்டு என்னிடம் என்பதும், அவள் அங்கே பழகும்வரை முதல் மூன்று மாதம் நான் அங்கே வரக்கூடாது, அவளும் இங்கே வரமாட்டாள் என்பதும் நானே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது. "இடையில அம்மா வந்து வந்து போனா பிள்ளை தவிச்சுப்போயிடும்" என்று குடும்ப நீதிமன்ற ஆலோசகர் அம்மா சொன்னபோது, படித்தவள் என்ற ஒரே காரணத்துக்காக நானும் தலையாட்டினேன். படிக்காதவளாக இருந்திருந்தால் அங்கேயே ஓவென்று அழுதிருக்கலாம். மூன்று, இந்த ஸ்கேட்போர்டில் எதற்கும் நீங்கள் என்னை எதிர்பார்க்க வேண்டியதில்லை. உங்கள் ஊரிலும் இதற்குக் கடைகள் உண்டாம். எது தேய்ந்தாலும் உடைந்தாலும் அங்கேயே வாங்கி மாட்டிவிடுங்கள். ஒரு சாமானுக்காக யாரும் இவ்வளவு தூரம் அலைய வேண்டாம்.

இனி இது வந்த கதை. உங்கள் வீட்டுத் தெரு நீளமான சரிவு, பிள்ளைகள் எல்லோரும் அங்கே ஸ்கேட்போர்டு விடுகிறார்கள் என்று சுண்டுவின் அப்பா போனில் சொன்னார். சொன்னவர் அதோடு விடாமல், கடையில் முழுசாகப் பூட்டின ஒன்றையே வாங்கித் தருவதாகவும் சொல்லிவிட்டார். பிள்ளையின் முகத்தில் அன்றுதான் ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த வெளிச்சம் வந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். "கடையில பூட்டினதெல்லாம் மட்டம்டி, அம்மா ஒவ்வொரு பாகமா பார்த்து வாங்கி, நானே பூட்டித் தரேன்" என்று வாயைக் கொடுத்தேன். ஸ்கேட்போர்டில் எத்தனை பாகம் என்றுகூட எனக்குத் தெரியாது. பலகை, நாலு சக்கரம், முடிந்தது என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் கடைக்குப் போன பிறகுதான் அது ஒரு குடும்பம் என்று தெரிந்தது. பலகைக்கு அடியில் முன்னே ஒன்று பின்னே ஒன்றாக ட்ரக் என்ற உலோகத் தாங்கி, அதன் குறுக்கே அச்சு, அச்சின் இரு முனையிலும் சக்கரம், ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் அது சுழல்வதற்கு இரண்டிரண்டு பேரிங், எல்லாம் கழன்று போகாமல் முனையில் ஒரு நட்டு. யாரும் யாரோடும் ஒட்டாமல் தனித்தனிப் பெட்டியில் இருந்தார்கள். சுண்டு என்னைப் பார்த்தாள். நான் ரொம்பத் தெரிந்தவள் மாதிரி தலையாட்டினேன்.

கடைக்காரர் இளைஞர்தான். எந்த நாள் போனாலும் கையிலோ முழங்கையிலோ தாடையிலோ ஒரு பிளாஸ்திரி புதிதாக இருக்கும், அதனால் சுண்டு அவருக்குப் பிளாஸ்திரி அண்ணா என்று பெயர் வைத்துவிட்டாள். விற்கிறவரே இப்படிக் கிழிந்திருக்கிறாரே என்று நான் சுண்டுவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்ன முதல் பாடம், ட்ரக்கின் அச்சு பலகையின் அகலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பது. பலகை எட்டு அங்குலம். நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், அளவு என்றால் எனக்கு ஒரு திமிர் உண்டு. காலை அகட்டி வைத்த முக்காலி சாயாது என்ற என் சொந்த விஞ்ஞானப்படி, அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, பத்து அங்குல ட்ரக்காகப் பார்த்து வாங்கி வந்தேன். வீட்டில் பூட்டி நிமிர்த்தினால் சக்கரங்கள் பலகைக்கு வெளியே துருத்திக்கொண்டு, நண்டு நின்று முறைப்பது போல இருந்தது. சுண்டு ஒரு காலை எடுத்து வைத்துத் தள்ளினாள். குதிகால் சக்கரத்தில் இடித்தது, சக்கரம் கதவு நிலையைப் பெயர்த்தது, கதவு ஆடி அலமாரியில் இடித்தது, அதன் மேல் இருந்த இஸ்திரிப்பெட்டி என் கால் பெருவிரல் மேல் இறங்கியது. "அம்மா, வேற யாருக்காவது இது சரியா இருக்குமோ என்னவோ" என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். அப்பா பேச்சு அப்படியே அவளிடம் இருக்கிறது அண்ணி. அவரும் இப்படித்தான், என் மனம் நோகாமல் என் தப்பை எனக்கே மடித்துக் கையில் கொடுப்பார். பதினோரு வருஷம் அப்படி வாங்கி வாங்கி எனக்குக் கை வலித்துவிட்டது. நானும் சளைத்தவள் இல்லை, அவர் பூட்டின கதவை நான் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன், நான் அணைத்த அடுப்பை அவர் ஒரு தடவை திருகிப் பார்ப்பார். ஒரு வீட்டில் பயப்படுகிறவர் ஒருத்தர் இருந்தால் போதும், நாங்கள் இரண்டு பேரும் அதே வேலைக்கு வந்துவிட்டோம்.

ட்ரக்கை மாற்றியாயிற்று. அடுத்தது சக்கரம். சக்கரத்தில் கல் மாதிரி கெட்டியானது உண்டு, அழிரப்பர் மாதிரி மெத்தென்றதும் உண்டு. கெட்டியானது வழவழப்பான தரைக்கு, மெத்தென்றது சாதாரணத் தெருவுக்கு என்று பிளாஸ்திரி அண்ணா சொன்னார். அழிரப்பர் தேய்ந்து போய்விடுமே என்று நான் கெட்டியானதை எடுத்தேன். எங்கள் மாடி நடைபாதையில் சுண்டு அதை ஓட்டிப் பார்த்தபோது, மலையிலிருந்து பாத்திரக்கடையை உருட்டிவிட்ட சத்தம் வந்தது. கீழ் வீட்டில் இருப்பவர் இரவுப்பணி நர்ஸ், பகலில்தான் தூங்குவார். தலைமுடி ஒரு பக்கம் மட்டும் எழுந்து நிற்க மேலே வந்தார்.

"ஏங்க, மேல என்ன, ரயில் விடுறீங்களா?"

"ஸ்கேட்போர்டுங்க. மன்னிச்சுக்குங்க. அடுத்த சனிக்கிழமை பிள்ளை ஊருக்குப் போறா, அதுக்குள்ள..."

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு வருஷம்."

அவர் என்னையும் சுண்டுவையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, ஓட்டட்டும். எனக்குத் தூக்கம் எங்க போகப் போகுது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எங்கள் கட்டடத்தில் தண்ணீர்த் தொட்டி விஷயமாக இரண்டு வருஷமாக என்னோடு பேசாமல் இருந்தவர் அவர். அவர் திட்டிவிட்டுப் போயிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அன்றே கெட்டிச் சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்து, இருப்பதிலேயே பெரியதாகவும் மெத்தென்றதாகவும் பார்த்து வாங்கினேன். பெரிய சக்கரம் போட்டால் பலகைக்கும் ட்ரக்குக்கும் நடுவில் ஒரு ரப்பர் தகடு வைத்து உயர்த்த வேண்டும் என்று பிளாஸ்திரி அண்ணா சொன்னாராம், அந்த நேரத்தில் நான் அவர் தாடைப் பிளாஸ்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை ஏறுவதற்கு முன் நான் ஏறிப் பார்ப்பதுதானே முறை என்று, இடுப்பில் முன்னும் பின்னும் தலையணை கட்டி, முட்டியில் துண்டு சுற்றி, பரிசோதனைக் கூடத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டடத்துக் கீழே வண்டி நிறுத்துமிடத்துக்கு இறங்கினேன். காவலாளி எழுந்து நின்று, "ஏம்மா, நாடகம் ஏதாவது நடிக்கப் போறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டடி நேராகப் போனேன். கொஞ்சம் சாய்ந்து திரும்பினேனோ இல்லையோ, பெரிய சக்கரம் பலகையின் அடியில் போய் ஒட்டிக்கொள்ள, பலகை அங்கேயே நின்றுவிட்டது, நான் மட்டும் பயணத்தைத் தொடர்ந்தேன். தலையணை இருந்த இடமெல்லாம் தப்பித்தது. மறுநாள் எங்கள் கூடத் தலைவர் "என்ன நடந்துச்சு?" என்று கேட்டதற்குக் குளியலறையில் வழுக்கிவிட்டேன் என்றேன். தண்ணீரைச் சோதிக்கிறவளே தண்ணீரில் வழுக்கினால் எப்படி என்று அவர் ஒரு வாரமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதற்குமேல்தான் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும், யாரிடமும் சொன்னதில்லை. நடுத்தர அளவுச் சக்கரம், சரியான ட்ரக், ரப்பர் தகடு எல்லாம் அமைந்துவிட்டது. பேரிங் மாட்டி, சக்கரத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டினேன். நின்றுபோன கடிகாரத்தைத் தவிர எல்லாவற்றிலும் நேரம் பார்க்கிறவள் நான், விநாடிக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். நாற்பத்தொரு விநாடி சுற்றியது அண்ணி. சத்தமே இல்லாமல், யாருக்கும் கட்டுப்படாமல், நாற்பத்தொரு விநாடி. எனக்கு உங்கள் தெருச் சரிவு கண்ணில் வந்தது. கீழே முனையில் என்ன இருக்கிறது, பெரிய சாலையா, சுவரா, எனக்குத் தெரியாது. அவள் விழும்போது நான் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி யாரோ ஒருவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கூடத்தில் கண்ணாடிக் குழாய்த் திருகுகளுக்குப் பூசும் கெட்டி மசகு ஒன்று உண்டு, தேன் மாதிரி இழுக்கும். அதை ஒரு சிமிழில் கொண்டுவந்து எட்டு பேரிங்கிலும் அப்பினேன். ட்ரக்கின் நடு நட்டையும் ஸ்பேனர் போட்டு என் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். சுண்டிப் பார்த்தேன். மூன்று விநாடி. அன்று இரவுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் சுண்டு அதன் மேல் ஏறி நின்று காலால் தள்ளினாள். தள்ளினாள், தள்ளினாள், பலகை அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு சாண் நகர்ந்து நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "கடைக்குப் போலாம்மா" என்றாள். பிளாஸ்திரி அண்ணா ஒரு பேரிங்கைக் கழற்றிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"என்னக்கா இது, அல்வாவா?"

"வேகம் கொஞ்சம் ஜாஸ்தியா இருந்துச்சு. அதான்..."

"நடு நட்டையும் இவ்ளோ இறுக்கியிருக்கீங்க. இது நேராத்தான் போகும், வளையவே வளையாது. எதிர்ல சுவர் வந்தா சுவர்லதான் போய் முட்டும். தளர்வா இருந்தாத்தான்க்கா பிள்ளை சாஞ்சு சமாளிக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க தேடுறது சக்கரம் இல்லக்கா, பிரேக்கு. இதுல பிரேக்கே கிடையாது. அவ கால்தான் பிரேக்கு."

கடையில் ஆட்கள் இருந்தார்கள். அழுவதற்குத் தோதான இடம் இல்லை அது. சுண்டு என் புடவையைப் பிடித்து இழுத்து, "பரவால்லம்மா, கழுவிடலாம்" என்றாள். பத்து வயசு. எனக்கு அவள் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கிறது.

கழுவினோம். இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, துண்டில் வரிசையாகக் காயவைத்தோம். எட்டும் பளபளவென்று கிடந்தன. பூட்டுவதற்கு மறுநாள் கடைக்கே போனோம், பிளாஸ்திரி அண்ணா அவளையே பூட்டச் சொன்னார். கடைசி நட்டை அவள் கையில் கொடுத்து, "எல்லாத்தையும் விட இதுதான் முக்கியம் சுண்டு, இது இல்லன்னா சக்கரம் தனியா ஊர் சுத்தப் போயிரும்" என்றார். அவள் அந்த நட்டைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போது சக்கரம் முப்பத்தெட்டு விநாடி சுற்றுகிறது. மூன்று விநாடி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் எடுக்கவில்லை.

ஒரு சின்ன விஷயம். பெட்டியில் ஏழு பேரிங்தான் இருக்கும். எட்டாவதைக் கடைக்காரர் தர மறந்துவிட்டார். பின் இடது சக்கரத்தில் ஒன்றுதான் இருக்கிறது, அதனால் லேசாக ஆடும், ஓட்டக்கூடாது. அங்கே கடையில் வேறு வாங்கிப் போட்டால் இதனோடு சேராது, ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டது நினைவில் இருக்கிறது. ஆனாலும் பாதுகாப்பு விஷயம் என்பதால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே நேரில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உட்காராமல்கூடத் திரும்பிவிடுகிறேன். பேரிங் கொடுப்பதை வருகை என்று எந்த ஆலோசகரும் சொல்ல முடியாது.

அவளைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகம் இல்லை. விழுந்தால் உடனே "ஒண்ணுமில்ல" என்பாள். அதை நம்ப வேண்டாம், உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். நிஜமாகவே ஒன்றும் இல்லை என்றால்தான் அழுவாள். தூங்கும்போது ஒரு கால் போர்வைக்கு வெளியே இருக்கும், மூடினால் விழித்துக்கொள்வாள், விட்டுவிடுங்கள். தலை வாரும்போது பேச்சுக் கொடுத்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். சிக்கு எடுக்க நேரமாகட்டும் என்று நான் சில நாள் சீப்பை மெதுவாகவே இழுத்திருக்கிறேன். அவளுக்கு அது தெரியும் என்று நினைக்கிறேன்.

நீங்களும் உங்கள் வீட்டில் உள்ளவர்களும் நீண்ட ஆயுளோடும், உடையாத முட்டிகளோடும் இருக்க வேண்டும். சுண்டுவின் அப்பாவிடம் அடுப்பை நான் இப்போது ஒரே தடவைதான் திருகிப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
சுண்டுவின் அம்மா

பின்குறிப்பு: காலை ஒன்பது மணி. நீங்கள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. மேலே எழுதினதைத் திரும்பப் படித்தேன், நானே வெட்கப்பட்டேன். கடைக்காரர் எதையும் மறக்கவில்லை அண்ணி. நேற்று மதியம் அவள் குளிக்கப் போயிருந்தபோது பின் இடது சக்கரத்திலிருந்து ஒரு பேரிங்கை நான்தான் கழற்றி ஊசிநூல் டப்பாவில், பொத்தான்களுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். உங்கள் வாசலில் வந்து நிற்க எனக்கு ஏதாவது ஒன்று கையில் வேண்டியிருந்தது. இப்படிப் பிள்ளையின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது தப்பு என்று விடிந்ததும் தோன்றியது. பெட்டியில் போட்டுவிடலாம் என்று டப்பாவைத் திறந்தேன். பேரிங் இல்லை. அது இருந்த இடத்தில், காகிதத்தில் மடித்து, ஒரு சின்ன நட்டு இருந்தது.

அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"சுண்டு, இது என்னடி?"

"நட்டு."

"பேரிங் எங்க?"

"சக்கரத்துல போட்டுட்டேன். அதுக்குப் பதிலா இதைக் கழட்டி வெச்சேன்." நுரை வழியும் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தாள். "பேரிங் ஒண்ணு இல்லாட்டி ஆடிக்கிட்டாவது ஓடும்மா, அத்தை அப்படியே ஓட்டுன்னு சொல்லிடுவாங்க. நட்டு இல்லாட்டி ஓடவே ஓடாது. வந்துதான் ஆகணும்."

யார் வந்தாக வேண்டும், நானா அவளா என்று நான் கேட்கவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆக, பெட்டியில் பேரிங் எட்டும் இருக்கின்றன. பின் இடது சக்கரத்தை அச்சோடு சேர்த்து ஒட்டுநாடா சுற்றியிருக்கிறேன், தயவுசெய்து தெருவில் இறக்கிவிடாதீர்கள். நட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அது மிகச் சாதாரண நட்டு, எந்தக் கடையிலும் கிடைக்கும், உங்கள் தெருமுனைக் கடையில்கூட இருக்கும். மேலே எது குறைந்தாலும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.

வாங்கிவிடாதீர்கள் அண்ணி.